நாலு வயதுக்கு எத்தனை எழுத்து?

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில், 2019 ஜனவரியில் தமிழக அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. தனியார் பள்ளியில் காசு கட்டிப் பெறுவது ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கட்டும் என்ற நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அப்படிக் கிடைக்க வேண்டியது எது என்பதில்தான் குழப்பம். பிள்ளை எழுத்தை எழுதிக் காட்டினால் படிப்பு நடக்கிறது என்கிறோம். கதை கேட்டுவிட்டு வந்தால் பொழுது போயிற்று என்கிறோம். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது, புத்தகத் தமிழைக் காதால் கேட்கும் பழக்கம் என்பதே இந்த வாரம் என் வாதம்.

முதலில் எழுத்தையே எடுத்துக்கொள்வோம். 247 என்ற எண்ணைச் சொல்லிப் பெற்றோர் மலைக்கிறார்கள். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், துணைக்குறிகள் இவ்வளவும் பிடிபட்டால் பெரும்பகுதி தானாக வந்துவிடும். கஷ்டம் வேறு இடங்களில் இருக்கிறது. கு, சு, டு, து என்று உகர வரிசை ஒவ்வொன்றும் ஒரு வளைவு வளைகிறது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்றவற்றை நேராக்கியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. ‘கெ’ என்பதில் காது முதலில் கேட்பது மெய்யை, கண் முதலில் காண்பது கொம்பை. ‘கொ’ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கன்னடக் குழந்தைகள் எழுத்தறியும் வேகத்தைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்காம் வகுப்பில்கூட அந்த வேலை முழுதாக முடிவதில்லை என்று காட்டியது. தமிழைவிடக் கன்னடத்தில் வடிவங்கள் அதிகம்தான். ஆனால் மெய்யோடு உயிர்க்குறி ஒட்டும் முறை ஒன்றே. இயல்பாகவே சில ஆண்டுகள் எடுக்கும் காரியத்தை எல்.கே.ஜி.யிலேயே முடித்துவிடத் துடிப்பதில் அர்த்தமில்லை.

எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டால் வாசிப்பு வந்துவிடுமா? தமிழில் அதற்கும் உத்தரவாதமில்லை. ‘பல்’, ‘பல்பு’ இரண்டும் தாளில் ஒரே மாதிரி தொடங்குகின்றன. வாயில் வேறு வேறாகத் தொடங்குகின்றன. ‘காகம்’, ‘காந்தி’ கதையும் அதுவே. எதை எப்படி ஒலிப்பது என்பதை எழுத்து சொல்லாது. அந்தச் சொல்லை ஏற்கெனவே கேட்டிருக்கும் காதுதான் சொல்லும். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது, ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம் என்று ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் 1986இல் எழுதினார்கள். நம் மொழிக்கு அது இன்னும் கறாராகப் பொருந்துகிறது.

இதற்குமேல் தமிழுக்கே உரிய ஒரு சுமை உண்டு. வீட்டில் ‘தாத்தா வந்துட்டாங்க’. புத்தகத்தில் ‘தாத்தா வந்துவிட்டார்’. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை புதிய எழுத்தையும் பழகாத தமிழையும் ஒரே வரியில் சந்திக்கிறது. அரபு மொழியிலும் இதே பிளவு இருக்கிறது. இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புகளில் டினா ஃபைடெல்சனும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதித்து 1993இல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்குப் புரியாது என்று பலர் நினைத்த இலக்கிய அரபியிலேயே சில மாதங்கள் கதை வாசித்துக் காட்டினார்கள். கேட்ட பிள்ளைகள், கேட்காத பிள்ளைகளைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தாங்கள் சொல்லும் கதையிலும் வளமான மொழியைக் கையாண்டார்கள். எழுத்துப் பயிற்சி எதுவும் இதைச் செய்திருக்காது.

பிள்ளையின் பேச்சுமொழியை ஒதுக்கிவிட்டுச் செந்தமிழைத் திணிப்பதா என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னதையும் எடுத்துக்காட்டலாம். அங்கே பல வீடுகளில் பேச்சே ஆங்கிலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, மருந்தும் அதற்கேற்ப. இங்கே இரண்டையும் சேர்த்தே செய்யலாம். கதையைப் புத்தகத்தில் உள்ளபடி வாசிக்க வேண்டும். கதையைப் பற்றி வீட்டுத் தமிழில் பேச வேண்டும். ‘நரி ஏன் ஓடிச்சு?’ என்று கேட்டுவிட்டுப் பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிக் கேட்டும் பேசவைத்தும் வாசிக்கும்போது பேச்சுத்திறன் கூடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இலேயே காட்டிவிட்டார்கள்.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. பள்ளிக்கு வருமுன் எழுத்தறிந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வாசிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய ஆரம்ப எழுத்தறிவுக் குழு 2008இல் பல ஆய்வுகளைத் திரட்டிச் சொன்னது. இதை மறுக்க மாட்டேன். ஆனால் சின்ன வயதில் எழுத்தறியும் பிள்ளை பெரும்பாலும் புத்தகமும் பேச்சும் உள்ள வீட்டிலிருந்து வருகிறது; பலனில் எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட செபாஸ்டியன் சகேட், பதினோரு வயதுக்குள் வாசிப்பு வேகத்தில் வித்தியாசம் மறைந்துவிடுவதைக் கண்டார். எழுத்தில் தாமதித்தால் பிறகு ஈடுகட்டலாம். சொல்வளம் குறைந்த பிள்ளையின் நிலை அப்படியல்ல. ஒன்றாம் வகுப்பில் அந்தக் குறை வெளியே தெரியாது. பாடம் நீளும் மூன்றாம், நான்காம் வகுப்பில்தான் பிள்ளை தடுமாறத் தொடங்கும்.

அதனால் எழுத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. தன் பெயரில் உள்ள எழுத்துகள், ட, ப, ம, ய போன்ற எளிய வடிவங்கள், பஸ்ஸின் பெயர்ப்பலகையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை என ஒரு பதினைந்தை அடையாளம் கண்டால் யு.கே.ஜி.க்கு அது தாராளம். எழுதிப் பழகுவது விரல் உறுதிப்பட்ட பிறகு நடக்கட்டும்.

கடைசிக் கேள்வி: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வாசிக்க வராத வீட்டில், அல்லது அவர்கள் இரவு ஒன்பது மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் வீட்டில் யார் வாசிப்பது? மையத்தில் பணியாளர் தினமும் ஒரு கதையாவது வாசிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது பெற்றோரின் உரிமை. வீட்டில் நாலாம் வகுப்பு அக்கா இருந்தால் புத்தகத்தை அவளிடம் கொடுங்கள். தம்பிக்குச் சத்தமாக வாசிப்பதால் அவளுடைய வாசிப்பும் தேறும். அவன் ஒரே கதையைப் பத்து நாள் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் வாசிக்கச் சொல்லுங்கள். திரும்பக் கேட்கக் கேட்கத்தான் புதிய சொல் பிள்ளையிடம் தங்கும்.

(தொடரும்)