சக்கரம் காணாத குயவர்கள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

மனிதன் கற்ற மிகப் பழைய வேதியியல் தொழில்கள் யாவை? வகுப்பில் இந்த வினாவை எழுப்பினால் சிலர் செம்பு உருக்குதல் என்பார்கள். சிலர் இரும்பு காய்ச்சுதல் என்பார்கள். ஆனால் செம்பும் இரும்பும் மனிதன் கைக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு பொருளை நெருப்பிலிட்டு முற்றிலும் வேறொரு பொருளாக மாற்றும் வித்தையை அவன் அறிந்திருந்தான். குழைந்த களிமண்ணைக் கல்லாக்கும் வித்தை அது. ஆம்! நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் போகும் மட்பாண்டத் தொழிலைத்தான் சொல்கிறேன்.

உழவுக்கு முந்திய பானை

மனிதன் உழவு செய்யத் தொடங்கி, ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த பின்னரே பானை செய்யக் கற்றான் என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. விளைந்த தானியத்தைச் சேர்த்து வைக்கவும் சமைக்கவும்தானே பானை வேண்டும்? அலைந்து திரியும் வேடனுக்கு உடையும் பாண்டம் எதற்கு? இவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் கிழக்கு ஆசியாவின் மண் வேறு கதை சொல்கிறது.

சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் சியான்ரன்தோங் என்றொரு குகை உண்டு. அங்குக் கிடைத்த பானையோடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானவை என 2012ஆம் ஆண்டில் அறிஞர்கள் அறிவித்தனர். பனிக்காலம் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. உழவு தோன்ற இன்னும் பத்தாயிரம் ஆண்டுகள் இருந்தன! ஜப்பானின் வடபகுதியில் ஓடாய் யாமமோட்டோ என்னுமிடத்தில் கிடைத்த ஓடுகள் சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முந்தியவை. அவற்றைச் செய்தவர்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் காட்டில் கொட்டைகளும் கிழங்குகளும் திரட்டியும் உண்டவர்கள்.

களிமண்ணைச் சுடுவது மட்டும் இதனினும் பழையது. இன்றைய செக் குடியரசில் டோல்னி வெஸ்டோனிட்சே என்னுமிடத்தில் 1925இல் கண்டெடுக்கப்பட்ட சிறு பெண்ணுருவம், 25,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையது. அதன் உயரம் 11 சென்டிமீட்டர்தான். அங்கு வாழ்ந்தோர் மண்ணைச் சுட அறிந்திருந்தும், அடுப்பில் வைக்கத்தக்க பாண்டம் செய்யவில்லை. பொம்மை சுடுவது வேறு. நெருப்பையும் நீரையும் ஒருசேரத் தாங்கும் பானை செய்வது வேறு.

கயிற்றுச் சுவடு

1877ஆம் ஆண்டில் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியல் அறிஞர், டோக்கியோவுக்கு அருகே ரயிலில் சென்றுகொண்டிருந்தார். ஓமோரி என்னுமிடத்தில் இருப்புப் பாதைக்காக வெட்டிய மேட்டில் சிப்பிகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சன்னல் வழியே அதைக் கண்டவர் பின்னர் அங்கு அகழ்ந்து பார்த்தார். சிப்பிகளுக்கிடையே, கயிற்றை அழுத்தியது போன்ற சுவடுகளுடன் பானையோடுகள் கிடைத்தன. ‘கயிற்றுச் சுவடு’ என்று பொருள்படும் ‘ஜோமோன்’ என்ற சொல்லே, பிறகு ஒரு காலத்திற்கும் ஒரு மக்கட் கூட்டத்திற்கும் பெயராயிற்று. நெல் வேளாண்மை வந்து பரவும் வரை, பதின்மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அம்மக்கள் பானை செய்தனர். அத்தனை காலமும் அவர்களிடம் சக்கரம் இல்லை, சூளையும் இல்லை!

செய்முறை

அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எனினும் உடைந்த ஓடுகளே நமக்குப் பாட நூல்களாகின்றன.

முதல் வேலை மண்ணைப் பதப்படுத்துதல். தூய களிமண் நன்கு வளையும். ஆனால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஆகவே அதனோடு மணலையோ பொடித்த கல்லையோ தாவர நாரையோ கலந்தனர். ஓட்டின் உடைந்த முகத்தை உருப்பெருக்கியின்கீழ் வைத்தால் மணற் பருக்கைகள் தெரிகின்றன. நார் கலந்த ஓடுகளில் நார் எரிந்துபோய், அதன் வடிவில் நுண்ணிய குழிகள் மட்டும் எஞ்சியுள்ளன.

அடுத்தது உருவாக்கம். மண்ணைப் பாம்புபோல் நீளத் திரியாக உருட்டி, வட்டமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விரலால் இழைத்து ஒட்டினர். பழைய ஓடுகள் பல, இத்திரிகள் சேர்ந்த இடத்திலேயே உடைந்திருக்கின்றன. எவ்வளவு அழுத்தி ஒட்டினாலும் ஒட்டு ஒட்டுத்தானே! பிற்காலப் பானைகள் சிலவற்றின் அடியில் பாயின் பின்னலோ இலையின் நரம்போ பதிந்திருக்கக் காணலாம். பானையைப் பாயின்மீதோ இலையின்மீதோ வைத்துத் திருப்பித் திருப்பிச் செய்திருக்கிறார்கள். அதுவே அவர்களுடைய ‘சக்கரம்’.

பச்சைப் பானையின் உட்புறத்தைக் கூழாங்கல்லாலோ சிப்பியாலோ வழித்து வழவழப்பாக்கினர். வெளிப்புறத்தில் முறுக்கிய கயிற்றை வைத்து உள்ளங்கையால் உருட்டினர். கயிறு அழுத்தப்பட்டது மட்டுமன்று, உருட்டப்பட்டது என்பதை 1930களில் ஜப்பானிய அறிஞர் யாமனோச்சி சுகாவோ தாமே கயிறு முறுக்கி உருட்டிப் பார்த்து விளக்கினார். முறுக்கை மாற்றினால் கோலமும் மாறும்.

பின்னர் நிழலில் பல நாட்கள் உலர்த்தி, நெருப்பின் அருகே வைத்துச் சூடேற்றி, இறுதியில் திறந்த வெளியில் விறகு அடுக்கிச் சுட்டனர். திறந்த நெருப்பில் 600 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பம் கிடைக்கும். இதைவிடக் கூடுதலான வெப்பம் தரும் சூளை, கொரியா வழியாக ஜப்பானுக்கு வந்தது கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில்தான்.

நெருப்பில் நடப்பது என்ன?

களிமண்ணில் நீர் இரு வகையாக உள்ளது. ஒன்று, துகள்களுக்கிடையே உள்ள ஈரம். இது 100 டிகிரியில் ஆவியாகிறது. ஆவியானால் அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வெளியேற வழியில்லையெனில் பானை வெடிக்கும். மணலும் நாரும் அந்த ஆவிக்குப் பாதை அமைக்கின்றன. ஓடும் விரிசலைத் தடுத்தும் நிறுத்துகின்றன.

மற்றது, களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே ஹைட்ராக்சில் தொகுதிகளாகப் பிணைந்துள்ள நீர். கயோலினைட் என்ற களிமக் கனிமத்தின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு இவ்வகை நீரே. சுமார் 450 டிகிரிக்கு மேல் இப்பிணைப்பு அறுந்து நீர் வெளியேறுகிறது. படிகத்தின் அமைப்பே குலைகிறது. இனி எத்தனை நாள் நீரில் ஊறப்போட்டாலும் அது சேறாகாது. வெயிலில் உலர்ந்த பானை மழையில் கரையும். சுட்ட பானை கரையாது. மீளாத வேதியியல் மாற்றம் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

நிறமும் ஒரு சான்றே. காற்று தாராளமாகப் பட்டால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து சிவக்கும். காற்றுக் குறைந்தால் பானை கருக்கும். பல ஓடுகளின் நடுப்பகுதி கரிய கோடாக இருப்பதற்குக் காரணம், நெருப்பு விரைவில் தணிந்ததால் உள்ளேயிருந்த கரி முழுதும் எரியாமல் தங்கிவிட்டதே.

நான் கற்ற பாடம்

இவற்றையெல்லாம் நூலகத்தில் படித்த எனக்கு, செய்து பார்க்கும் ஆசை வந்தது. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்தேன். சின்னஞ்சிறு கலயம் ஒன்றைத் திரி அடுக்கிச் செய்தேன். ஒரு நாள் வெயிலில் காய வைத்தேன். மேலே உலர்ந்துவிட்டது. மறுநாள் கொல்லையிலிருந்த வெந்நீர் அடுப்பில் வைத்தேன். சில நிமிடங்களில் ‘படார்’ என்று வெடித்துச் சிதறியது. சில்லு ஒன்று என் கையைச் சுட்டது.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். பள்ளிக்கூடத்தின் வாசலை என்னைச் சேர்க்க வந்த அன்றுதான் முதலில் மிதித்தவர் அவர். சில்லுகளைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “உள்ளே ஈரத்தை வெச்சுக்கிட்டு வெளியே நெருப்பைக் காட்டினா, அது வெடிக்காம என்ன செய்யும்? மணல் போட்டியா? நிழல்ல காய வெச்சியா?” என்று கேட்டார்.

ஆவியின் பருமன் எத்தனை மடங்கு பெருகும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த அறிவு என் கைக்கு வந்து சேரவில்லை. அம்மாவுக்கு எண் தெரியாது. நடக்கப் போவது தெரியும். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் தீக்காயத்தைவிட நீண்ட நாள் இருந்தது.

அடுத்த முறை நான்கு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு ஆற்று மணல் கலந்தோம். மூன்று கலயங்கள் செய்து பத்து நாட்கள் நிழலில் உலர்த்தினோம். அம்மாவே அடுப்பைச் சுற்றி அவற்றை வைத்து, அரை நாள் திருப்பித் திருப்பிச் சூடேற்றினார். பிறகு வறட்டி அடுக்கிச் சுட்டோம். ஒன்று கீறல் விட்டது; இரண்டு பிழைத்தன. நீர் ஊற்றினால் அவையும் மெல்லக் கசிந்தன. அம்மா அவற்றில் கஞ்சியைக் காய்ச்சினார், கசிவு நின்றது. கஞ்சியின் பசை மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிட்டது. புதுச் சட்டியைப் பழக்குவது என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான்.

பானை சொல்லும் செய்தி

அந்த நுண்துளைகள் வரலாற்றுக்கும் உதவுகின்றன. சமைத்த உணவின் கொழுப்பு அவற்றுள் புகுந்து ஆயிரமாயிரம் ஆண்டுகள் தங்கிவிடுகிறது. 2013இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் கிரெய்க்கும் பன்னாட்டு ஆய்வாளர்களும் ஜோமோன் பானைகளில் கருகி ஒட்டியிருந்த 101 மாதிரிகளை ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் மீன் முதலிய நீர்வாழ் உயிர்களைச் சமைத்த தடயம் இருந்தது. வேடனுக்குப் பானை எதற்கு என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. மீனை வேகவைக்கவும், பின்னாளில் காட்டுக் கொட்டைகளின் துவர்ப்பை நீக்கவும், பல்லில்லாக் கிழவருக்கும் பால்குடி மறந்த குழந்தைக்கும் மென்மையான உணவு தரவும் பானை உதவியிருக்கும்.

முடிவாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஜப்பானின் வடபகுதியிலுள்ள ஜோமோன் வாழிடங்கள் 2021இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. அங்கு வாழ்ந்த ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் பச்சை மண்ணில் பதிந்த அவர்களுடைய விரல் தடம், நெருப்பில் நிலைபெற்று இன்றும் இருக்கிறது. எழுத்தறியாத கைகளும் அறிவியலை வளர்த்திருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அறிவியல் கற்ற முதல் ஆளும் நானே என்று எண்ணியிருந்தேன். பிழைத்த கலயங்களில் ஒன்று இப்போது விடுதியில் என் மேசைமேல் இருக்கிறது. அதன் விளிம்பில் இரண்டு விரல் தடங்கள் உள்ளன. ஒன்று என்னுடையது, ஆழமாகவும் சீராகவும் இருப்பது அம்மாவுடையது.