திரை விலக்கிய திரைவிழா: மும்பையின் ‘கஷிஷ்’

மும்பை நகரின் தென்பகுதியில், தேசம் விடுதலை பெற்ற மகிழ்ச்சியின் ஞாபகமாகப் பெயர் சூட்டப்பெற்று, 1949-ல் மெஹ்பூப் கானின் ‘அந்தாஸ்’ படத்தோடு திறக்கப்பட்ட ‘லிபர்ட்டி’ என்னும் ஒற்றைத்திரை அரங்கு இருக்கிறது. ஏறத்தாழ 1,200 ஆசனங்கள் கொண்ட அந்த அலங்கார மண்டபத்தில், 2014 முதல், தன்பால் ஈர்ப்புடைய ஆடவர், பெண்டிர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் வாழ்வைச் சித்திரிக்கும் படங்களுக்கென்றே ஒரு சர்வதேச விழா நடைபெறலாயிற்று. ‘கஷிஷ்’ என்னும் அவ்விழாவின் விசேஷம், அங்கே காட்டப்படும் படங்களில் எவ்வளவு உண்டோ, அவ்வளவும் அவை காட்டப்படும் இடத்திலும் உண்டு.

இது விளங்க வேண்டுமானால் 1998-ஆம் ஆண்டை நினைவுகூர்வது அவசியம். தீபா மேத்தா இயக்கத்தில் ஷபானா ஆஸ்மியும் நந்திதா தாஸும் நடித்த ‘ஃபயர்’, டில்லிக் குடும்பமொன்றில் ஓரகத்திகள் இருவரிடையே அரும்பிய காதலைக் கூறுவது. தணிக்கைக் குழு காட்சி எதையும் வெட்டாமல் அனுமதித்திருந்தும், அவ்வாண்டு டிசம்பரில் சிவசேனைத் தொண்டர்கள் மும்பைத் திரையரங்குகளிற் புகுந்து கண்ணாடிகளை உடைத்துக் காட்சிகளை நிறுத்தினர். படமோ மறுபடியும் தணிக்கைக்குச் சென்று, மறு வருஷம் அதே அனுமதியோடு திரும்பியது.

அப்போது சட்டமும் எதிராகவே இருந்தது. 1860-ல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு, பிராயம் வந்தோர் மனமொப்பி அந்தரங்கத்தில் கொள்ளும் உறவுக்குச் செல்லாது என்று டில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009 ஜூலை 2-ஆம் தேதி. அடுத்த ஏப்ரலிலேயே, இயக்குநர் ஸ்ரீதர் ரங்கயன் கஷிஷ் விழாவைத் தொடங்கினார். தாம் எடுத்த ‘குலாபி ஆய்னா’வுக்குத் தணிக்கைச் சான்றிதழ் மறுக்கப்பட்ட அனுபவம் உடையவர் அவர்; ஆயினும், அறிந்தவர் மட்டும் கூடும் சிறு அறைகளை நாடாமல், சாதாரண ஜனங்கள் படம் பார்க்கும் வணிகத் திரையரங்கையே, அதுவும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி பெற்றே, தேர்ந்தெடுத்தார்.

அந்த அனுமதி எவ்வாறு கிடைக்கிறது என்பதும் அறியத்தக்கது. 1952-ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, தணிக்கை நியதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. படங்களின் பட்டியலையும் கதைச் சுருக்கத்தையும் முன்னதாகவே சமர்ப்பித்தால், விழாவுக்குப் பிரதிநிதிகளாகப் பதிவு செய்துகொண்டோர் முன்னிலையில் மட்டும், சான்றிதழ் இன்றியே அவற்றைத் திரையிடலாம்.

2013 டிசம்பர் 11-ஆம் தேதி, உச்சநீதிமன்றம் டில்லித் தீர்ப்பை ரத்துச் செய்து 377-ஆவது பிரிவுக்கு மறுபடியும் உயிரூட்டியபோது, விழா ஒடுங்கிவிடும் என்று எண்ணியவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டிலேதான் அது லிபர்ட்டியின் விசாலமான மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. கதைப்படங்கள், ஆவணப்படங்கள், குறும்படங்கள் எனத் தனித்தனிப் போட்டிகளும் விவாத அரங்குகளும் அங்கே நடந்தன. 1996-லேயே ‘பாம்கே’ என்னும் குறும்படத்தைத் துணிந்து எடுத்து, 2003-ல் மறைந்த ரியாத் வாடியாவின் பெயரால், வளரும் இந்திய இயக்குநருக்கு ஒரு விருதும் வழங்கப்படுகிறது. கொள்ளைநோய் பரவிய 2020-லும் 2021-லும் விழா இணையத்தில் நடந்தது.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பைத் தானே மாற்றி, தன்பால் உறவு குற்றமன்று என அறிவித்தது. 2023-லோ, தன்பால் இணையருக்குத் திருமண உரிமையை வழங்குவது சட்டமன்றங்களின் காரியம் என்று கூறிவிட்டது. இதற்கிடையே, ஆயுஷ்மான் குரானா போன்ற பிரபல நடிகர் ஆடவனைக் காதலிப்பவராக நடித்த ‘சுப் மங்கள் ஜியாதா சாவ்தான்’ 2020-ல் வணிகத் திரைகளில் தடையின்றி வெளியாயிற்று. ஆனால் நட்சத்திர பலமற்ற சிறு படங்களின் நிலை வேறு. விழாவுக்குக் கிடைத்த விலக்கு விழாவோடு முடிந்துவிடுவதால், அதன் பின்னர் அவை தணிக்கைக் குழுவிடமும் விநியோகஸ்தரிடமும் முதலிலிருந்தே மன்றாட வேண்டியிருக்கிறது. பிரதிநிதிச் சீட்டு ஏதுமின்றி, எவரும் கட்டணம் கொடுத்து நுழையும் சாதாரண வெள்ளிக்கிழமைக் காட்சியாக அவையும் ஓடும்போதுதான் கஷிஷ் தொடங்கிய காரியம் பூர்த்தியாகும்.