கைக்கு எட்டும் கணினி – 9: பெட்டியைச் சுருக்கும் முன்

மேசைக்கடியில் கால் நீட்ட இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும் பழைய டெஸ்க்டாப்பைச் சின்ன கேபினட்டுக்கு மாற்றுவது ஒரு செலவு, அதன் வேகத்தைக் கூட்டுவது இன்னொரு செலவு என்றே பலரும் கணக்குப் போடுகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே செலவுதான் என்பது என் வாதம். 2011 முதல் 2015 வரை நம் கடைகளில் அசெம்பிள் செய்து விற்ற கணினிகளில் எச்61, எச்81 சிப்செட் மதர்போர்டுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வகை, நீளமும் அகலமும் 244 மி.மீ.க்கு மிகாது. ஆனால் அவற்றைப் பூட்டிக் கொடுத்ததோ 305 மி.மீ. ஏ.டி.எக்ஸ். போர்டே தாராளமாக உட்காரும் கேபினட்டில். மிச்ச இடம் டி.வி.டி. டிரைவுக்கும், 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்குக்கும், பிறகு வெறும் காற்றுக்கும் போனது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் 7 மி.மீ. தடிமனுள்ள 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைப் போட்டாலே பெரிய பெட்டிக்கான காரணத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. டி.வி.டி. டிரைவ் தேவைப்படும் வீடுகள் இன்று குறைவு, தேவைப்பட்டால் யு.எஸ்.பி. டிரைவ் போதும்.

அந்த எஸ்.எஸ்.டி.தான் வேகத்தையும் தருகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்க, தலைப்பகுதி நகர்ந்து தட்டு சுழன்று வர, 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் அது நூறில் ஒரு பங்கு அளவுதான். எச்61 போர்டில் சாட்டா வேகம் 3 கிகாபிட்டோடு நிற்கிறது, எஸ்.எஸ்.டி.யின் முழு வேகம் கிடைக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் கணினி திறப்பதும் பிரவுசர் எழுவதும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும் வேலை. அங்கே அந்த வரம்பு உறைப்பதே இல்லை. இந்த போர்டுகளில் என்.வி.எம்.இ. வகையை வாங்கி அதிலிருந்து கணினியைத் திறக்க முயல்வதுதான் வீண்செலவு.

சுருக்குவதென்றால் ஒரேயடியாக 170 மி.மீ. மினி ஐ.டி.எக்ஸ். போர்டுக்கே போகலாமே என்று கேட்கலாம். பழைய பிராசஸருக்கான மினி ஐ.டி.எக்ஸ். போர்டு புதிதாகக் கிடைப்பது அரிது. புது போர்டு வாங்கினால் புது பிராசஸர் வேண்டும், பழைய டி.டி.ஆர்.3 ரேமும் அதில் பொருந்தாது. ஒரு பொருள் வாங்கப்போய் மூன்று வாங்க நேரும். அலுவலகங்களிலிருந்து திரும்பி வரும் ஒரு லிட்டர் அளவு மினி கணினியை வாங்கினால் என்ன என்பது இதைவிட வலுவான கேள்வி. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. எச்61, எச்81 காலத்து பிராசஸர்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எனவே விண்டோஸ் கட்டாயம் வேண்டுபவர்கள், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர் உள்ள மினி கணினியை வாங்குவதே நியாயம். அவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. கடிதம், கணக்கு, பாடம், வீடியோ அளவில் நிற்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டும் 8 ஜி.பி. ரேமும் போதும்.

சின்னப் பெட்டி நம் வெயிலில் கொதிக்காதா? வெப்பம் பெட்டியின் அளவைவிட, உள்ளே எரியும் வாட்டையும் காற்று போகும் வழியையும் பொறுத்தது. ஐ3-3220 பிராசஸரின் அளவு 55 வாட்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால், முன்பக்கம் வலையும் பின்பக்கம் ஒரு ஃபேனும் உள்ள கேபினட் அதைச் சமாளிக்கும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். பத்து வருடம் ஓடிய எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். அதில் கெபாசிட்டர் சோர்ந்திருக்கும். அது கெட்டால் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம். பெரிய நிறுவனங்களின் கணினி வைத்திருப்போர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அவற்றில் பல மாடல்களில் மின் இணைப்பு வழக்கமான 24 முனை பிளக் அல்ல, சுவிட்ச் ஒயரும் வேறு மாதிரி. அந்த போர்டைப் பொதுச் சந்தை கேபினட்டுக்கு மாற்ற முயன்றால் செலவுதான் மிஞ்சும்.

கடைக்குப் போகுமுன் மதர்போர்டின் நீள அகலத்தையும், பிராசஸர் மேலுள்ள கூலரின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கேபினட் ஏற்பது ஏ.டி.எக்ஸ். அளவு எஸ்.எம்.பி.எஸ்.ஸா, எஸ்.எஃப்.எக்ஸ். அளவா என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.