புரொஜெக்டர் வாங்கப் போகிறீர்களா?

கொச்சங்காடி: மிளகும் சுக்கும் அடுக்கியிருந்த மட்டாஞ்சேரிப் பண்டகசாலைச் சுவர்களில் படம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலே கலைவிழா நடக்கும் மாதங்களில் இருட்டறைச் சுவரே திரையாகிவிடும். பார்த்துவிட்டு வரும் நம்மவர்களுக்கு, 'நம் வீட்டுச் சுவரிலும் இப்படிப் பார்த்தால் என்ன?' என்ற ஆசை எழுவது இயல்பு.

தென்னாட்டில் இந்தக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர் ஒரு ரயில்வே சிப்பந்திதான்! திருச்சியில் வேலை பார்த்த கோவை சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கேரளத்தில் 1907-ல் ஜோஸ் காட்டூக்காரன் கையால் சுற்றும் கருவியைக் கொண்டு திருச்சூரில் படம் காட்டினார்.

தியேட்டரில்

பேசும்பட புரொஜெக்டரில் விநாடிக்கு 24 படங்கள் ஓடும். 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு மெஷின்கள் வைத்து மாற்றி மாற்றி ஓட்டினார்கள். வெளிச்சம் தந்தது கார்பன் குச்சி. இரு குச்சிகளுக்கு நடுவே இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் திரை மங்கும். கொட்டகையில் விசில் பறக்கும். இன்று ரீலும் இல்லை, குச்சியும் இல்லை. டிஜிட்டல் மெஷினில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சின்னஞ்சிறு கண்ணாடிகள் ஒளியைத் திருப்பிப் படமாக்குகின்றன. பழைய ஆபரேட்டர்கள் பலரின் தொழில் அத்தோடு போயிற்று.

கோளரங்கத்தில்

இங்கே திரை தட்டையல்ல. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரை. நடுவில் நிற்கும் உருண்டைக் கருவியின் நுண்ணிய துளைகள் வழியே வரும் ஒளி நட்சத்திரங்களாகத் தெரியும். ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் செய்த இத்தகைய கருவி 1923-ல் மியூனிக்கில் முதலில் காட்டப்பட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் 1988-லும், கோழிக்கோட்டில் 1997-லும் கோளரங்கங்கள் திறக்கப்பட்டன.

வீட்டில்

வீட்டுக்கு வாங்குவோர் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது வெளிச்சம். இதை 'லூமென்' கணக்கில் சொல்வார்கள். மலிவுப் பெட்டிகளில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 'ஆன்சி லூமென்' எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது தெளிவு. '1080 சப்போர்ட்' என்றால் அந்தப் படத்தை ஏற்கும் என்றுதான் அர்த்தம். அதே தெளிவில் காட்டும் என்று அல்ல. 'நேட்டிவ்' எண் எது என்று கேளுங்கள்.

மூன்றாவது விளக்கு. பழைய வகை பல்பு சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டியது, விலையும் அதிகம். எல்.இ.டி. வகை அதைவிடப் பல மடங்கு உழைக்கும்.

திரைக்குச் செலவு வேண்டாம். வெள்ளையடித்த சுவரோ, சுருக்கமில்லாத வேட்டியோ போதும்.

வின்சென்ட் தம் வேலையையே பணயம் வைத்தார். நாம் வைக்கப்போவது போனஸ் பணம். கடையில் விளக்கை எரியவிட்டு ஒருமுறை, அணைத்துவிட்டு ஒருமுறை படம் போடச் சொல்லுங்கள். ஓரத்து எழுத்தும் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.