நரி எப்படிக் கத்தும்?
சிறுவர் நூலகக் கதைநேரம் ஒன்றினைத் திட்டமிடல்



நரி எழுப்பும் ஒலியை ஊளையிடுதல் என்று கூறுவது தமிழ் மரபு. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், ஆந்தை அலறும் என்பவற்றோடு இதனையும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையிற் சொல்லிக் கொடுத்து வருபவன் நான். ஆயினும், ஊர் நூலகம் ஒன்றிலே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, “சேர், நரி எப்பிடிக் கத்தும்?” என்று கேட்டபோது, “ஊளையிடும்” என்பதற்கு மேல் என்னால் விடை கூற முடியவில்லை. “எப்பிடி ஊளையிடும்?” என்று அவள் மீண்டும் கேட்டாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

அன்று நான் செய்த பிழைகள் பல. மிருகக் கதைகள் ஐந்தினைத் தெரிவுசெய்து, முக்கால் மணிநேரம் வாசிப்பதற்கு ஆயத்தமாகச் சென்றிருந்தேன். மேடையிற் பேசும் தமிழிலேயே வாசித்தேன். பத்து நிமிடங்களில் அரைவாசிப் பிள்ளைகள் யன்னலருகே போய்விட்டனர். அப்பொழுது, பேரனை அழைத்து வந்து பின்வரிசையில் இருந்த ஓர் அம்மம்மா, இரு கைகளையும் வாயருகே குவித்து, நீளமாக ஓர் ஊளை விட்டார். யன்னலருகே நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர். “முந்தி எங்கட வயற்கரையில ஒவ்வொரு நாளும் கேக்கும், தம்பி” என்று அவர் எனக்கு விளக்கமும் தந்தார். சிறுவர்க்குக் கதைநேரம் ஒன்றினை எவ்வாறு அமைப்பது என்பதை நான் கற்கத் தொடங்கியது அன்றுதான்.

முதலாவதாகக் கவனிக்கவேண்டியது காலமும் அளவும். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் போதுமானது. அதற்குள் இரண்டு கதைகள், இரண்டு பாட்டுகள், உடலை அசைக்கும் ஒரு விளையாட்டு ஆகியவை அடங்கிவிடும். நீண்ட கதையைப் பிள்ளைகள் களைப்படையுமுன் தொடக்கத்திலே சொல்லுதல் வேண்டும். அடுத்து யானைபோல் நடத்தல், முயல்போல் பாய்தல் முதலியவை. அதன் பின்னர் குறுங்கதை. ஈற்றிலே ஒரு பாட்டு. பாய் விரித்து அரைவட்டமாக இருத்தினால், எல்லாப் பிள்ளைகளும் படத்தைக் காண்பர். சொல்பவரும் கதிரையை விட்டுக் கீழே இருத்தல் நன்று. யன்னலுக்கு முதுகு காட்டிச் சொல்பவர் இருந்தால், வெளிச்சம் பிள்ளைகளின் கண்களில் விழும், படம் தெரியாது. இது சிறிய விடயமாயினும், கதையைக் கெடுக்கப் போதுமானது.

இரண்டாவது, எந்த மிருகம் என்பது. பிள்ளை கண்டறிந்த உயிரிலிருந்து காணாத உயிருக்குச் செல்வதே முறையாகும். வேலியில் ஓடும் அணில், முற்றத்துப் புலுனி, செண்பகம், ஓணான், கிணற்றடித் தவளை ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பின்னர் வன்னிக் காட்டு யானைக்கும், நெடுந்தீவுக் குதிரைக்கும், மன்னாருக்கு வந்துபோகும் பூநாரைக்கும் செல்லலாம். சிங்கமும் ஒட்டகமும் அதற்குப் பின் வரட்டுமே. ஒரு நாளைக்கு ஒரே மிருகத்தை மையமாகக் கொள்வதும் நல்ல வழி. அணிலை எடுத்தால், இராமர் அணை கட்டியபோது மணல் சுமந்த அணிலின் கதை இருக்கிறது. இக்கதை வான்மீகத்திலோ கம்பனிலோ இல்லை; ஆயினும் தொண்டரடிப்பொடியாழ்வார் தமது திருமாலையில் அவ்வணிலை நினைவுகூர்கின்றார். முதுகிலுள்ள மூன்று கோடுகளைக் காட்டிக் கதையை முடித்தால், வீடு செல்லும் வழியிலே பிள்ளை அணிலைத் தேடும்.

மூன்றாவது, கதைத் தெரிவு. நமக்குக் கிடைத்திருக்கும் செல்வம் பெரிது. தாண்டவராய முதலியார் 1826ஆம் ஆண்டிலேயே பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்துவிட்டார். பாளி மொழியிலுள்ள சாதகக் கதைகள் 547. அவற்றுட் பலவற்றின் நாயகர்கள் மிருகங்களும் பறவைகளுமே. நிலவிலே முயல் இருக்கிறது என்று நமது பிள்ளைகள் காட்டும் அதே முயலைச் சிங்களப் பிள்ளைகளும் சசசாதகத்தின் வழியாக அறிந்திருக்கின்றனர். இரு மொழிப் பிள்ளைகளும் கூடும் நூலகமாயின், அந்த ஒரு கதையே போதும். ஆனால் முயல் தன்னையே தீயில் இடும் பகுதியை மூன்று வயதுப் பிள்ளைக்கு விரிக்கத் தேவையில்லை. நிலவில் முயலின் உருவம் எழுதப்பட்டதைச் சொன்னால் அமையும். மற்றையது அது வளர்ந்தபின் தானாக வந்து சேரும்.

சிங்கமும் முயலும் கதையைச் சொல்வோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். கிணற்றை எட்டிப் பார்க்காதே என்று தடுத்து வளர்க்கப்படும் பிள்ளைக்கு, நீரிலே தன் நிழலைக் கண்டு சிங்கம் ஏமாந்தது எப்படி விளங்கும்? ஒரு சட்டியிலே நீரை நிரப்பி நடுவில் வையுங்கள். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்து உறுமட்டும். அதன் பின் கதையைச் சொன்னால், சிங்கம் பாயுமுன்னரே பிள்ளைகள் சிரித்துவிடுவர். பனையோலையில் முடைந்த கிளி, மட்டையில் வெட்டிய முகமூடி, பழைய காலுறையில் செய்த பாம்பு முதலியவை இவ்வாறே உதவும். விலை கொடுத்து வாங்கவேண்டியது எதுவுமில்லை. உயிருள்ள நாயையோ முயலையோ கொண்டுவருதல் வேண்டாம். அஞ்சும் பிள்ளையும் உண்டு, அஞ்சும் முயலும் உண்டு.

நான்காவது, மொழி. பேச்சுத் தமிழிற் சொல்லுதல் மொழியைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் உளர். நானும் அவ்வாறு அஞ்சியவனே. கதையை வீட்டு மொழியிற் சொல்லி, பாட்டையும் பெயர்களையும் செம்மொழியிற் கொடுத்தால் இரண்டும் வளரும். தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைக் கூறுகின்றது. தாய்ப்படங்களை ஒரு பக்கமும் குஞ்சு, குட்டி, கன்றுகளின் படங்களை மறு பக்கமும் வைத்து, பிள்ளைகளைச் சோடி சேர்க்கச் சொல்லுங்கள். ‘பசுக்குட்டி’ என்று ஒரு பிள்ளை சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். “ஓம், பசுக்கண்டு” என்று நாம் திருப்பிச் சொன்னால், அடுத்த முறை அது தானே திருத்திக்கொள்ளும். வகுப்பறையில் நாம் மனனஞ் செய்யவைத்து வெறுக்கச் செய்த மரபுச் சொற்கள், இங்கே விளையாட்டாக வந்து சேர்கின்றன.

ஐந்தாவதாக ஒன்று. கதையின் முடிவில் நீதியை உரைத்துப் பிள்ளைகளிடம் ஒப்புவிக்கக் கேளாதீர்கள். நரி தந்திரமானது, கழுதை மூடத்தனமானது என்று மூன்று வயதிலே முடிவுகட்டிக் கொடுப்பது எந்த உயிருக்கும் நியாயமன்று. “காகத்துக்கு வடை போனாப் பிறகு அது என்ன செய்திருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். அழுதிருக்கும் என்பான் ஒருவன். திரும்பப் போய்ப் பாட்டியிடம் கேட்டிருக்கும் என்பாள் ஒருத்தி. அந்த விடைகளிலே பிறவுயிரின் துயரை உணரும் நெஞ்சு முளை கொள்வதைக் காணலாம். கதைநேரம் முடிந்ததும், அன்றைய மிருகத்தைப் பற்றிய நூல்களைப் பாயிலேயே பரப்பி வைத்து, பிள்ளைகள் தாமாக எடுக்க விடுங்கள். எட்டாத இறாக்கையில் இருக்கும் நூல் சிறுவர் நூலன்று.

நேயர்களே, 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை நாம் எண்ணிக்கையிற் கூறுகிறோம். ஆனால் அம்மம்மாவின் தொண்டையில் இருந்த நரியை எந்த நூற்பட்டியலும் பதிவு செய்யவில்லை. போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் பேரப்பிள்ளைகளை ஒரு நாட்டிலும் பாட்டிமாரை வேறொரு நாட்டிலுமாகப் பிரித்துவிட்ட குடும்பங்கள் எத்தனை! ஆகவே கதைநேரத்துக்கான திட்டத்தில் நூல், பாய், பாட்டு என்பவற்றோடு இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஊரிலுள்ள முதியோர் ஒருவருக்கு ஓர் அழைப்பு.

நான் அதற்குப் பின் நடத்திய கதைநேரங்களுக்கு அந்த அம்மம்மாவை முன்வரிசையில் இருத்தினேன். நரியின் ஊளையை அவரிடமே கற்றுக்கொண்டேன். இன்னும் சரியாக வரவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.