வட்டவளையில் மழை, பதுளையில் வெயில்: காரணம் என்ன?

மாணவர்களே, உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்பது நீங்கள் அறிந்த விதி. 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா ஏறத்தாழ 1900 மீற்றர் உயரத்திலும் பதுளை ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும் உள்ளன. எனவே பதுளை சுமார் 8 பாகை வெப்பம் கூடியது. ஆண்டுச் சராசரிக்கு இவ்விளக்கம் போதும். ஜூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள வெயிலைப் பற்றி வினா வந்தால் இது பாதி விடைதான். “தென்மேல் பருவக்காற்று மலைநாட்டுக்கு மழை தரும்” என்று பொதுவாக எழுதிவிட்டு வருவோர் பலர். ஊவாவும் மலைநாடுதானே!

அக்காலத்தில் புகையிரதத்தில் வந்தவர்களுக்கு இது தெரியும். பட்டிப்பொலவில் மூடுபனியும் தூறலும் இருக்கும். சுரங்கத்தைக் கடந்து ஒகியப் பக்கம் வந்ததும் பல நாட்களில் வெயில் அடிக்கும். இடையில் நிற்பது மத்திய மலைத்தொடர்.

ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, நீராவி ஒடுங்கி மழையாகிறது. ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிவருவதால் காற்று மெதுவாகவே குளிரும். மறுபக்கம் ஈரமிழந்து இறங்கும்போதோ அமுக்கப்பட்டு விரைவாகச் சூடாகும். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

கடல் மட்டத்தில் காற்றின் வெப்பநிலை 30 பாகை. 500 மீற்றர் வரை, 1000 மீற்றருக்கு 10 பாகை வீதம் குறைந்து 25 ஆகிறது. அங்கிருந்து 2000 மீற்றர் வரை முகிலுக்குள் 6 பாகை வீதம் குறைந்து 16 ஆகிறது. பின் 700 மீற்றருக்கு இறங்கும்போது 10 பாகை வீதம் கூடி 29 ஆகிறது. மேற்குச் சரிவில் அதே 700 மீற்றரில் அது ஏறத்தாழ 24 பாகைதான். உயரம் ஒன்று, வேறுபாடு 5 பாகை!

அல்ப்ஸ் மலையில் இத்தகைய காற்றைப் போன் காற்று என்பர். நம் நாட்டில் கிழக்கே வீசுவதைக் கச்சான் என்கிறோம். பதுளை, பசறை, பண்டாரவளை ஆகியன அக்காலத்தில் மழை நிழலில் உள்ளன. பதுளைக்குப் பெருமழை ஒக்டோபருக்குப் பின்னரே வரும்.

விளைவுகளையும் எழுதுங்கள்; புள்ளி அங்கேயும் உண்டு. பத்தனைப் புல்வெளிகளில் தீ பரவும். பீலியில் தண்ணீர் மெலியும். கொழுந்து மெதுவாக வளரும். நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைப் பேர்தான் விழும். ஆனால் அந்த வறண்ட காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனையைத் தருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும். கொழுந்து பறிப்பவருக்கோ அது குறைந்த நிறையின் காலம். இந்த முரண்பாட்டை விடையில் குறிப்பிடுவோர் மிகச் சிலரே.

பயிற்சி: மேலே கூறிய காற்று 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாய வரை இறங்கினால் அதன் வெப்பநிலை என்ன? (விடை: 34 பாகை)