ஜன்னலோரத்தில் ஓர் அஞ்சறைப் பெட்டி

இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, பழைய நிலைக்கதவில் மிஞ்சிய தேக்குப் பலகையில் ஓர் அஞ்சறைப் பெட்டி செய்து முடித்தேன். மூடிக்குப் பித்தளைக் கீல், மேலே மெழுகுப் பாலிஷ். வேலை முடிந்தபோது இருட்டிவிட்டது. பட்டறை மேசையில் வைத்தபடியே செல்போனில் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “என்னடா இது, பிளாஸ்டிக் டப்பாவா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவளைக் குறை சொல்ல முடியாது. தேக்கின் ரேகைகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. மூடியின் நடுவே ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக அப்பியிருந்தது. பின்னால் இருந்த பசை டப்பாவும் டீ கிளாஸும்தான் பளிச்சென்று தெரிந்தன.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: புதுக் கேமராவுக்கு விலை விசாரித்தேன். விலையைக் கேட்டதும் அறிவு வந்தது. கையில் இருப்பதை வைத்தே ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

நம் கண் சொல்வதை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. நடுப்பகல் வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். டியூப்லைட் எரியும் ஒரு சாதாரண அறையில் அது 100 முதல் 300 லக்ஸ்தான். பல நூறு மடங்கு வித்தியாசம். ஆனால் வெளியிலிருந்து உள்ளே வந்த சில நிமிடங்களில் கண் பழகிவிடுகிறது. அறை நல்ல வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. செல்போன் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. குறைந்த ஒளியில் அதற்கு இரண்டே வழிகள். ஒன்று, நெடுநேரம் திறந்திருந்து ஒளியைச் சேர்க்க வேண்டும். அதற்குள் நம் கை ஆடிவிடும். அல்லது கிடைத்த கொஞ்சம் ஒளியை மின்னணு முறையில் பெருக்க வேண்டும். அப்போது படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும். போனுக்குள் இருக்கும் மென்பொருள் அந்தப் புள்ளிகளை மெழுகித் துடைக்கிறது. துடைக்கும்போது எது புள்ளி, எது மர ரேகை என்று அதற்குச் சரியாகத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே வழித்து எடுத்துவிடுகிறது. என் தேக்கு பிளாஸ்டிக் ஆன கதை இதுதான்.

கை ஆடுவதற்கு மருந்து பட்டறையிலேயே கிடைக்கிறது. ஒரு மரத்துண்டில் போன் நிற்கும் அகலத்துக்கு, சற்றே சாய்வாக ஒரு பள்ளம் அறுத்தேன். பத்து நிமிட வேலை. (அவசரத்தில் போனை வைஸில் கடிக்கவிட்டு முறுக்கிவிடாதீர்கள்.) போன் அசையாமல் நின்றாலும், படம் எடுக்கத் திரையைத் தொடும் அந்தத் தொடுதலே அதை ஆட்டிவிடும். அதனால் டைமரை 2 அல்லது 3 நொடிக்கு வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பெட்டி எங்கும் ஓடிவிடப் போவதில்லை. கேமராவும் அசையாவிட்டால் அரை நொடி, ஒரு நொடி திறந்திருந்தாலும் படம் கூர்மையாகவே வரும். பெருக்க வேண்டியதில்லை, மெழுக வேண்டியதுமில்லை.

இனி வெளிச்சம். எனக்குப் புரிய நெடுநாள் ஆன விஷயம் இது. எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட, எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். பாலிஷ் போட்ட மரமும் பித்தளையும் ஓரளவுக்குக் கண்ணாடி மாதிரி. தம்மேல் விழும் ஒளியின் வடிவத்தை அப்படியே திருப்பிக் காட்டும். ஃபிளாஷ் ஒரு மிளகு அளவுதான்; அது மூடியில் கண்ணைக் கூசவைக்கும் ஒரு திட்டாக விழுகிறது, மற்ற இடமெல்லாம் இருண்டுபோகிறது. அதே பெட்டியை ஜன்னலோரம் வைத்தால், பிரதிபலிப்பது நான்கடி உயர ஜன்னல். மூடி முழுக்க மெல்லிய பளபளப்பாக ஒளி பரவுகிறது. நிழலின் ஓரமும் கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல் மெல்லக் கரைகிறது. 1844-ல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், புகைப்படக் கலையின் முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான், கண்ணாடிப் பொருள்களின் படங்களைச் சேர்த்திருந்தார். அவருக்கு பல்பும் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. பகல் வெளிச்சம் ஒன்றுதான்.

நேர் வெயில் விழாத ஜன்னலாக இருந்தால் நல்லது. வெயில் விழுந்தால் குறுக்கே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடலாம். அந்த நேரத்துக்கு வேட்டிதான் விளக்கு. அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் ஒளி ஒரு நிறம், பல்பு ஒளி வேறு நிறம். இரண்டும் கலந்தால் பெட்டியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். கேமராவால் ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். போதாக்குறைக்கு, நம் ஊர் மின்சாரத்தில் பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை மினுக்கும். சில படங்களில் குறுக்கே வரிவரியாகத் தெரிவது அதனால்தான்.

ஜன்னல் பெட்டிக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். சாயங்கால வெயிலில் களத்துமேட்டுச் சின்னக் கல்லுக்குக்கூட நீள நிழல் விழுமே, அதுபோல் சாய்வாக வரும் ஒளியில் உளி பட்ட தடமும் செதுக்கலின் ஆழமும் எழுந்து நிற்கும். எதிர்ப்பக்கம் ரொம்ப இருண்டால் அங்கே ஒரு வெள்ளைச் சார்ட் பேப்பரை நிறுத்தினால் போதும்.

கீல்தான் என்னைப் படுத்தியது. பளபளவென்று தேய்த்த பித்தளையில் என் நீலச் சட்டையும் போனைப் பிடித்த கையும் குட்டியாகத் தெரிந்தன. உலோகத்தைப் படமெடுப்பது என்றால், அது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதைப் படமெடுப்பது. சட்டையை மாற்றினேன் என்றால் சிரிப்பீர்கள். முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு கீலுக்கு எதிரே வெள்ளைச் சார்ட் பிடித்தேன். ஒரே வெள்ளையாகிக் கீலின் வடிவமே மறைந்தது. வெள்ளைக்கு நடுவே ஒரு விரல் அகலக் கறுப்புக் காகிதத்தை ஒட்டியதும் கீலின் வளைவு ஒரு கறுப்புக் கோடாக விழுந்து, பித்தளை பித்தளையாகத் தெரிந்தது.

பின்னணிக்கும் சார்ட்தான். ஆனால் அதிலே ஒரு சிக்கல். தான் பார்ப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கேமரா எண்ணிக்கொள்கிறது. வெள்ளை அதிகமாக இருந்தால் படத்தை இருட்டாக்கிவிடும், பெட்டி கருகிப்போகும். திரையில் பெட்டியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் தீர்ந்தது.

கிட்டே போய் எடுப்பதுதான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். போனின் லென்ஸ் அகன்ற பார்வை உடையது. கிட்டே போனால் முன்மூலை புடைத்து, நேராக இழைத்த பெட்டியும் கோணலாகத் தெரியும். இன்னும் கிட்டே போனால் பல போன்களில் ஃபோகஸும் நிற்காது. இரண்டு மூன்றடி தள்ளி நின்று எடுத்து, வேண்டாததை வெட்டிவிடலாம். பழைய டிஜிட்டல் கேமரா என்றால் பூ அடையாளம் போட்ட அமைப்பு கிட்டத்துப் படத்துக்கு. பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனபிறகே முழுதும் அழுத்த வேண்டும். அளவு தெரிய ஒரு 10 ரூபாய் நாணயம் பக்கத்தில் கிடக்கட்டும், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர்.

லென்ஸைத் துடைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ் எல்லாவற்றையும் பனிமூட்டமாக்கும். பட்டறையில் மரத்தூளும் இரும்புத் துகளும் பறக்கும், எனவே முதலில் ஊதிவிட்டுப் பிறகு பழைய மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, கிழக்கு ஜன்னலில் வேட்டியைக் கட்டி எடுத்த படத்தை அனுப்பினேன். இந்த முறை அக்கா போனிலேயே கூப்பிட்டாள். “தேக்குதான்டா, நல்லாத் தெரியுது. ஆனா மூடியில குறுக்கால கீறல் கீறலா இருக்கே, பூனை பிறாண்டிச்சா?”

உப்புத்தாளை ரேகைக்குக் குறுக்கே தேய்த்த கோடுகள். டியூப்லைட் வெளிச்சத்தில் என் கண்ணுக்கே படாதவை. பாலிஷை எடுத்துவிட்டு, 220 நம்பர் உப்புத்தாளோடு மறுபடி உட்கார்ந்தேன், இந்த முறை ஜன்னலோரத்தில்.